ராபின்சன் வாசலில் சீவர்

நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் 7ஆம் எண் ரயில் சாலைக்கு மேலே, இரும்புத் தூண்களின் மீது ஓடுகிறது. மெட்ஸ்-வில்லெட்ஸ் பாயிண்ட் நிறுத்தத்தில் இறங்கிக் கூட்டத்தோடு படிக்கட்டில் வந்தால், நேரெதிரே செங்கல் வளைவுகளோடு ஒரு பெரிய முகப்பு நிற்கும். நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணியின் சொந்த மைதானமான சிட்டி ஃபீல்டு அதுதான். உள்ளே நுழைந்ததும் 160 அடி விட்டமுள்ள வட்ட மண்டபம். துணிவு, நீதி, விடாமுயற்சி, உறுதி, நேர்மை என்று ஒன்பது சொற்கள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. நடுவே எட்டடி உயரத்தில் நீல நிறத்தில் ஓர் எண்: 42.

அது ஜாக்கி ராபின்சனின் சட்டை எண். மண்டபத்தின் பெயரும் ஜாக்கி ராபின்சன் ரொட்டண்டாதான். ராபின்சன் கடைசியாக ஆடியது 1956இல். மெட்ஸ் அணி பிறந்தது 1962இல். இந்த அணிக்காக அவர் ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை.

2009 ஏப்ரல் 13 அன்று மைதானம் திறந்த நாளிலேயே ரசிகர்கள் இதைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ராபின்சன் பெரிய மனிதர், அதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் எங்கள் அணியின் வாசலில் எங்கள் ஆட்கள் எங்கே என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அந்தப் பேச்சின் விளைவாக அருங்காட்சியகம் வந்தது, சுவரின் நிறம் மாறியது, தெருவின் பெயர் மாறியது, கடைசியில் ஒரு சிலையும் எழுந்தது. ஒரு வாசலை ரசிகர்கள் பேசிப் பேசியே திருத்திய கதை இது. அவர்கள் பேசியது முழுக்க நியாயம் என்று நம்புகிறேன். ராபின்சன் அங்கே இருப்பதும் முழுக்க நியாயமே.

ராபின்சன் யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால் போட்டிகளில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கறுப்பர்களுக்கு இடமில்லை. எழுதப்பட்ட சட்டம் எதுவும் கிடையாது; அணி உரிமையாளர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. அதை உடைத்து 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கியவர் ராபின்சன். பார்வையாளர்கள் வசை பாடினார்கள், எதிரணியினர் காலைக் குறிவைத்து ஓடிவந்தார்கள், கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன. திருப்பி அடிக்காமல் இருப்பேன் என்று அணி நிர்வாகி பிராஞ்ச் ரிக்கியிடம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டே அவர் ஆட வேண்டியிருந்தது. அவர் இறங்கிய மைதானம் நியூயார்க்கின் இன்னொரு பகுதியான புரூக்ளினில் இருந்த எபெட்ஸ் ஃபீல்டு.

சிட்டி ஃபீல்டின் முகப்பு அந்த எபெட்ஸ் ஃபீல்டை நினைத்துக் கட்டியதுதான். 1913இல் திறந்த எபெட்ஸ் ஃபீல்டின் வாசலில் 80 அடி அகல வட்ட மண்டபம் இருந்தது. இத்தாலியப் பளிங்குத் தரையில் பேஸ்பால் பந்தின் தையலைப் போலக் கோடுகள் இழைத்திருந்தார்கள். மேலே ஒரு சரவிளக்கு: பேஸ்பால் மட்டை வடிவில் பன்னிரண்டு கைகள், ஒவ்வொரு கையிலும் பந்து வடிவக் கண்ணாடிக் குமிழ். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் டிக்கெட் விற்கும் ஜன்னல்களையும் உள்ளே விடும் சுழல்கதவுகளையும் அதே மண்டபத்துக்குள் வைத்துவிட்டார்கள். வாங்க நிற்கிறவர்களும் வாங்கி உள்ளே போகிறவர்களும் ஒரே வட்டத்துக்குள் மோதிக்கொண்டு திணறினார்கள். வாசல் என்பது முதலில் ஆட்கள் போய் வரும் வழி என்பது எபெட்ஸ் ஃபீல்டைக் கட்டியவர்களுக்குக் கூட்டம் வந்த பிறகுதான் உறைத்தது.

1957 பருவம் முடிந்ததும் டாட்ஜர்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டது. அதே ஆண்டு நியூயார்க் ஜயண்ட்ஸும் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிளம்பியது. எபெட்ஸ் ஃபீல்டை இடிக்க 1960இல் வந்த இரும்புக் குண்டுக்குப் பேஸ்பால் பந்தைப் போல வெள்ளையடித்துத் தையல் கோடும் வரைந்திருந்தார்கள். இன்று அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது.

டாட்ஜர்ஸ் உரிமையாளர் வால்டர் ஓமாலி கேட்டது புரூக்ளினிலேயே புது இடம். நகரத்தின் கட்டுமானங்களைக் கையில் வைத்திருந்த ராபர்ட் மோசஸ் அதை மறுத்து, குவீன்ஸில் ஃபிளஷிங் மெடோஸ் பக்கம் இடம் தருகிறேன் என்றார். அங்கே போனால் நாங்கள் புரூக்ளின் அணியாக இருக்க மாட்டோம் என்று சொல்லி ஓமாலி ஊரைவிட்டே போனார். அவர் வேண்டாம் என்ற அந்த ஃபிளஷிங் நிலத்தில்தான் 1964இல் ஷே ஸ்டேடியம் எழுந்தது. அதற்குப் பக்கத்திலேயே 2009இல் சிட்டி ஃபீல்டு. டாட்ஜர்ஸ் காலடி வைக்க மறுத்த மண்ணில் டாட்ஜர்ஸின் பழைய வாசலை எழுப்பியிருக்கிறார்கள்.

இதற்குக் காரணம் ஒரு மனிதரின் பாசம். மெட்ஸ் அணியின் அப்போதைய உரிமையாளர் ஃப்ரெட் வில்பான் புரூக்ளினில் வளர்ந்தவர். டாட்ஜர்ஸின் மாபெரும் பந்துவீச்சாளர் சாண்டி கூஃபாக்ஸ் அவருடைய பள்ளித் தோழர். சிறுவயதில் நுழைந்த எபெட்ஸ் ஃபீல்டின் வாசல் வில்பான் மனதை விட்டுப் போகவே இல்லை. 2006இல் புதிய மைதானத்துக்கு அடிக்கல் நாட்டியபோது ராபின்சனின் மனைவி ரேச்சல் ராபின்சனையும் அழைத்து, மண்டபத்துக்கு அவர் கணவரின் பெயரை அறிவித்தார். நல்ல மனதோடு செய்த காரியம்தான். ஆனால் ஓர் உரிமையாளரின் பால்ய நினைவும் லட்சக்கணக்கான ரசிகர்களின் நினைவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை அல்லவா?

மெட்ஸ் ரசிகர்களின் நினைவு ஷே ஸ்டேடியத்தில் இருந்தது. அது அழகான கட்டடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பக்கத்து லாகார்டியா விமான நிலையத்தின் விமானங்கள் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு போகும். பிரமாண்ட வாசல் என்று ஒன்றும் கிடையாது. சுற்றிலும் சாதாரண நுழைவாயில்கள்தான். ஆனால் 1969இலும் 1986இலும் மெட்ஸ் பேஸ்பாலின் உச்சக் கோப்பையான வோர்ல்ட் சீரிஸை வென்றது அங்கேதான். ஆரம்ப ஆண்டுகளில் தோற்பதற்கே பேர்போன அணி, 1969இல் கோப்பையைத் தூக்கியதும் ஜனங்கள் மைதானத்துக்குள் பாய்ந்து புல்லைப் பிய்த்து வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

அந்த ஜனங்களும் அவர்கள் பிள்ளைகளும் 2009இல் புது மைதானத்துக்கு வந்தபோது கண்ணில் பட்டது ராபின்சன், எபெட்ஸ், டாட்ஜர்ஸ். கறுப்பு நிறச் சுவர்கள். மெட்ஸின் நீலமும் ஆரஞ்சும் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. மைதானத்தின் பெயரும் அவர்களைச் சுட்டது. ஆண்டுக்கு 2 கோடி டாலர், 20 ஆண்டுகளுக்கு என்று பேசி சிட்டிகுரூப் வங்கி வாங்கிய பெயர் அது. அதே வங்கியைத்தான் 2008 நிதி நெருக்கடியில் அரசு 4,500 கோடி டாலர் கொட்டிக் காப்பாற்றியிருந்தது. வீட்டையும் வேலையையும் இழந்துகொண்டிருந்தவர்களுக்கு, தங்கள் வரிப்பணத்தில் பிழைத்த வங்கியின் பெயரைத் தாண்டித்தான் ஆட்டம் பார்க்கப் போக வேண்டும் என்பது கசந்தது.

ரயிலில், வரிசையில், இருக்கையில், மதுக்கடையில், வானொலிக்குத் தொலைபேசி போட்டு என்று எல்லா இடத்திலும் பேசினார்கள். பேச்சு ஒரே மாதிரி இருக்கவில்லை. ராபின்சன் பேரைப் பிள்ளைகள் தினமும் வாசித்துக்கொண்டு உள்ளே போவதைவிட நல்ல பாடம் எது என்று கேட்டவர்கள் உண்டு. ராபின்சன் எல்லா அணிகளுக்கும் சொந்தம், அதனாலேயே அவரை ஓர் அணியின் வாசலுக்கு மட்டும் சொந்தமாக்குவது பொருந்தவில்லை என்றவர்கள் உண்டு. டாட்ஜர்ஸ் புரூக்ளினை விட்டு ஓடிய வலியில் மெட்ஸுக்கு மாறிய வயதானவர்களுக்கு அந்த வளைவுகளைப் பார்த்ததும் கண் கலங்கியது. அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு அதே வளைவுகள் ஒன்றுமே சொல்லவில்லை. ஒரே குடும்பத்துக்குள் மூன்று தலைமுறைக்கு மூன்று வாசல்.

நிர்வாகம் செவி சாய்த்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 2010 பருவத்தில் ரொட்டண்டாவை ஒட்டியே மெட்ஸ் அருங்காட்சியகம் திறந்தது. சில நுழைவாயில்களுக்கு டாம் சீவர், கில் ஹாட்ஜஸ், கேஸி ஸ்டெங்கல் என்று அணியின் மூத்தவர்கள் பெயர் வந்தது. 2012இல் சுவர்கள் நீலமாயின. 2011இல் நியூயார்க்கர் இதழுக்குக் கொடுத்த பேட்டியில், டாட்ஜர்ஸ் சமாச்சாரத்தை இவ்வளவு தூக்கலாக வைத்தது தன் கணிப்புப் பிழை என்று வில்பானே ஒப்புக்கொண்டார். கோடீஸ்வர உரிமையாளர் ஒருவர் பகிரங்கமாக அப்படிச் சொல்வது அடிக்கடி நடப்பதில்லை.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஆப்பிள் விஷயம். ஷே ஸ்டேடியத்தில் 1980இல் ஒரு பெரிய சிவப்பு ஆப்பிளை வைத்தார்கள். மெட்ஸ் வீரர் ஹோம் ரன் அடித்தால், மந்திரவாதியின் தொப்பிக்குள்ளிருந்து முயல் வருவதுபோல அது மேலே எழும்பும். நல்ல வேலைப்பாடு என்று சொல்ல முடியாது, சாயமும் வெளுத்துப்போயிருந்தது. ஆனால் ஒரு தலைமுறைக் குழந்தைகள் பந்தை விட்டுவிட்டு அந்த ஆப்பிளையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள். ஷேயை இடிக்கப்போகிறார்கள் என்றதும் ஆப்பிளைக் காப்பாற்றுங்கள் என்று ரசிகர்கள் கையெழுத்து வேட்டையில் இறங்கினார்கள். அணி முதலில் அதைப் புது மைதானத்தின் ஓர் ஓரத்தில் வைத்தது. 2010இல் வெளியே எடுத்து, ரயில் நிலையத்துக்கும் ரொட்டண்டாவுக்கும் நடுவில் திறந்தவெளியில் நிறுத்தியது. இன்று நண்பர்கள் சந்தித்துக்கொள்வதும், குடும்பங்கள் படம் பிடித்துக்கொள்வதும் அந்தப் பழைய ஆப்பிள் பக்கத்தில்தான். கட்டடக் கலைஞர் வரைபடத்தில் இல்லாத ஒரு பொருள் வாசலின் நடுப்புள்ளி ஆகிவிட்டது.

ஆனாலும் பெரிய குறை ஒன்று மிச்சமிருந்தது. டாம் சீவருக்குச் சிலை இல்லை.

சீவரை அந்த ஊரில் பட்டப்பெயரால் 'தி ஃபிரான்சைஸ்' என்பார்கள். அணியே அவர்தான் என்று அர்த்தம். 1967இல் வந்த முதல் ஆண்டே சிறந்த புதுமுகம். 1969இல் 25 வெற்றிகள், கூடவே கோப்பை. சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது மூன்று முறை. பந்தை விடும்போது இடுப்பைத் தாழ்த்தி, வலது முழங்கால் மண்ணில் உரசும்படி முன்னால் பாய்வார். ஆட்டம் முடியும்போது அந்த முழங்காலில் மண் அப்பியிருக்கும். நன்றாக வீசுகிறார் என்பதற்கு அதுவே அடையாளம் என்று பார்க்கிறவர்கள் முழங்காலையே கவனிப்பார்கள்.

அப்படிப்பட்டவரை 1977 ஜூன் 15 அன்று சம்பளத் தகராறில் சின்சினாட்டிக்கு அனுப்பிவிட்டது அணி. 1983இல் திரும்ப அழைத்தார்கள். 1984 தொடக்கத்திலேயே நிர்வாகக் கவனக்குறைவால் மறுபடி இழந்தார்கள். அவருடைய 300ஆவது வெற்றி 1985இல் நியூயார்க்கிலேயே நடந்தது. யாங்கீ ஸ்டேடியத்தில், சிகாகோ ஒயிட் சாக்ஸ் சட்டையில். மெட்ஸ் ரசிகர் யாருக்கும் ஆறாத காயம் அது. இருந்தும் 2008 செப்டம்பரில் ஷே ஸ்டேடியத்தை மூடிய விழாவில் கடைசிப் பந்தை வீசியவர் சீவர். பிடித்தவர் மெட்ஸின் முன்னாள் கேட்சர் மைக் பியாசா. இருவரும் தோளில் கைபோட்டு நடந்து மைதானத்தை விட்டு வெளியேறினார்கள். அடுத்த ஏப்ரலில் சிட்டி ஃபீல்டு திறந்தபோது சம்பிரதாய முதல் பந்தும் அவர்கள் கையால்தான். வீட்டை மூடவும் திறக்கவும் அவர் வேண்டியிருந்தது. வாசலில் மட்டும் அவர் இல்லை.

அணி அறிவித்தது 2019 ஜூனில். 126ஆம் தெருவுக்கு சீவர் வே என்று பெயர், மைதானத்தின் முகவரி இனி 41 சீவர் வே, சிலையும் வரும் என்றார்கள். 41 அவருடைய சட்டை எண். அதற்கு மூன்று மாதம் முன்புதான், அவருக்கு மறதிநோய் என்றும் பொதுவாழ்விலிருந்து விலகுகிறார் என்றும் குடும்பத்தார் சொல்லியிருந்தார்கள். பெயர்சூட்டு விழாவுக்கு அவரால் வர முடியவில்லை. 2020 ஆகஸ்ட் 31 அன்று, 75 வயதில் காலமானார். சிலையை அவர் பார்க்கவே இல்லை. ரசிகர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டதைக் கேட்டபோதே செய்திருந்தால் அவர் வந்து நின்று பார்த்திருப்பார். இந்தத் தாமதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

தெருப்பெயர் என்றதும் நம்மவர்களுக்கு ஒரு செய்தி. அதே ஃபிளஷிங்கில், மைதானத்துக்குக் கொஞ்ச தூரத்தில்தான் மகா வல்லப கணபதி கோயில். அழகப்பா அழகப்பன் முன்னின்று உருவாக்கி, 1977இல் குடமுழுக்குக் கண்ட கோயில். அது இருக்கும் போன் தெருவுக்கும் 2022 ஏப்ரலில் கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட் என்று இணைப்பெயர் சூட்டினார்கள். குவீன்ஸில் யாருடைய நினைவு எந்தப் பலகையில் இடம்பெறும் என்பது எல்லாச் சமூகங்களுக்கும் பெரிய விஷயம்.

அதே 2022 ஏப்ரல், 15ஆம் தேதி. மெட்ஸின் சொந்த மைதானத்தில் பருவத்தின் முதல் ஆட்டம். புதிய உரிமையாளர் ஸ்டீவ் கோஹனும் சீவரின் மனைவி நான்சியும் மகள்களும் இருக்க, ரொட்டண்டாவுக்கு வெளியே சிலையின் திரை விலகியது. பத்தடி உயரம். முன்கால் நீண்டு, உடல் தாழ்ந்து, வலது முழங்கால் தரையை நோக்கிச் சரிந்த அந்தக் கணம். செய்தவர் வில்லியம் பெஹ்ரண்ட்ஸ். சான் பிரான்சிஸ்கோ மைதான வாசலில் நிற்கும் வில்லி மேஸ் சிலையும் அவர் கைவேலைதான்.

திரை விலகிய கையோடு ரசிகர்கள் ஒரு குறையைக் கண்டுபிடித்தார்கள். முதுகில் 41 என்ற எண்ணில், நாலின் காலடியில் இருக்க வேண்டிய சின்னக் குறுக்குக்கோடு இல்லை. மெட்ஸ் சட்டையில் நாலுக்குக் கீழே ஒரு பாதம் உண்டு. சிலையில் அது மொட்டையாக நின்றது. சிற்பி தன் தவறு என்று ஏற்றுக்கொண்டார். வெளியாளுக்கு இது அற்பமாகத் தோன்றும். அந்த முதுகைப் பல ஆண்டுகள் பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த நாலு எப்படி இருக்கும் என்று கண்ணை மூடினாலும் தெரியும். இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறவர்களிடம் வாசலைக் கட்டும் முன்பே கேட்டிருக்கலாம்.

சிலை திறந்த அந்த ஏப்ரல் 15, ராபின்சன் களமிறங்கிய நாளின் 75ஆவது ஆண்டு நிறைவும்கூட. அன்று எல்லா அணிகளிலும் எல்லா வீரர்களும் 42ஆம் எண் சட்டைதான் அணிவார்கள். வெளியே 41, உள்ளே ஆடுகிற அத்தனை பேர் முதுகிலும் 42. எதிர்ப்பு, ஆதரவு என்று பதின்மூன்று ஆண்டுகள் பேசிய இரண்டு தரப்பினரும் அன்று ஒரே வாசல் வழியாகப் போனார்கள்.

ராபின்சனை அந்த வாசலிலிருந்து எடுக்க வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் குவீன்ஸுக்கு அந்நியர் அல்ல. டாட்ஜர்ஸில் ஆடிய காலத்திலேயே குவீன்ஸின் செயின்ட் ஆல்பன்ஸில் வீடு வாங்கிக் குடியிருந்தவர். அவர் அடக்கமான சைப்ரஸ் ஹில்ஸ் கல்லறை புரூக்ளின், குவீன்ஸ் எல்லையில் இருக்கிறது. அதன் ஊடாகப் போகும் சாலைக்கும் அவர் பெயர்தான். எல்லா அணிகளிலும் 42ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுப்பதாக 1997 ஏப்ரல் 15 அன்று அறிவித்தபோது, அதிபர் கிளின்டனும் ரேச்சல் ராபின்சனும் நின்றது வேறெங்கும் அல்ல, ஷே ஸ்டேடியத்தின் புல்தரையில். மெட்ஸ் மண்ணிலேயே நடந்த நிகழ்ச்சி. மண்டபத்தைத் திறந்த நாளிலேயே இதையெல்லாம் சுவரில் எழுதியிருந்தால் பாதி மனத்தாங்கல் அன்றே தீர்ந்திருக்கும். ராபின்சன் என்றதும் எபெட்ஸ் ஃபீல்டை மட்டும் காட்டியதுதான் பிசகு.

வாசலுக்கு வெளியே இப்போது வேறு மாற்றங்கள். சீவர் வேக்கு எதிர்ப்புறம் பல பத்தாண்டுகளாகக் கார் பழுதுபார்க்கும் பட்டறைகள் தகரக் கொட்டகைகளில் வரிசையாக இருந்தன. அங்கே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் புலம்பெயர்ந்து வந்த உழைப்பாளிகள். நகர நிர்வாகம் அவர்களைக் காலிசெய்யவைத்த நிலத்தில் வீடுகளும் ஒரு கால்பந்து மைதானமும் எழுகின்றன. இன்னொரு பக்கம், வாகன நிறுத்தத் திடலில் கோஹன் முன்வைத்த 800 கோடி டாலர் சூதாட்ட விடுதித் திட்டம். அந்தத் திடல் சட்டப்படி பூங்கா நிலம் என்பதால் மாநில சட்டமன்றமே தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஷே ஸ்டேடியத்தின் ஹோம் பிளேட்டும் மற்ற பேஸ்களும் இருந்த இடங்களை அந்த நிறுத்தத் திடலின் தரையில் தகடுகள் பதித்து அடையாளப்படுத்தியிருக்கிறார்கள். ஆட்டத்துக்கு முன்னால் அப்பாக்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போய் அந்தத் தகட்டின் மேல் நிற்கவைப்பார்கள். திடலில் என்ன கட்டினாலும் அந்தத் தகடுகள் அதே புள்ளியில், எல்லோரும் போய் நிற்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். ரசிகர்கள் அடுத்து உரக்கக் கேட்க வேண்டியது இது.

வாசலில் அடுத்து எழவேண்டிய சிலை கில் ஹாட்ஜஸுடையது என்பேன். புரூக்ளினில் ராபின்சனின் பக்கத்திலேயே முதல் பேஸில் நின்று ஆடியவர். 1969இல் மெட்ஸின் மேலாளராக இருந்து, இருபத்து நான்கு வயது சீவரை வழிநடத்திக் கோப்பையை வாங்கித் தந்தவர். 1972 ஏப்ரலில் ஹாட்ஜஸ் மாரடைப்பில் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் ராபின்சனும் போய்விட்டார். பேஸ்பாலின் பெரும்புள்ளிகளைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் அங்கீகாரம் ஹாட்ஜஸுக்கு 2022இல்தான் கிடைத்தது. ரயில் படிக்கட்டில் இறங்கி வருகிற பிள்ளை, சீவரையும் ஹாட்ஜஸையும் பார்த்துவிட்டு உள்ளே போய் 42ஐப் பார்த்தால், இவர்கள் மூவருக்கும் என்ன உறவு என்று கூட வருகிறவர்களைக் கேட்கும். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.